ஊர்க் குப்பையும் சேரி மண்ணும்

குப்பை கொட்ட இடம் தேடுகிறார்கள். தேடட்டும். ஆனால் இந்தத் தேடல் எப்போதும் ஒரே திசையில் போய் முடிவது எப்படி என்பதை மட்டும் யாரும் தேடுவதில்லை. நகராட்சி வாசலில் கிளம்புகிற ஜீப்பு கடைத்தெருவைத் தாண்டுகிறது. கோயில் நிலத்தைத் தாண்டுகிறது. தென்னந்தோப்புகளைத் தாண்டுகிறது. பிளாட் போட்டுக் கல் ஊன்றிய மனைகளைத் தாண்டுகிறது. சீமைக் கருவேலங்காட்டுக்குள் நுழைந்து கடைசியில் நம்ம தெருவுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. இறங்குகிற அதிகாரி கையை நீட்டிச் சொல்கிறார்: "இது புறம்போக்குதானே? சும்மாதானே கிடக்கு?"

சும்மா கிடக்கிறதாம். அங்கே நம்ம ஆடு மேய்கிறது. நம்ம பெண்கள் விறகு ஒடிக்கிறார்கள். மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறோம். மழைக்காலத்தில் தண்ணி நிற்கிற பள்ளம் அங்கேதான் இருக்கிறது. செத்தவர்களைப் புதைத்த இடமும் அதை ஒட்டித்தான். பட்டா இல்லாதவனுடைய வாழ்க்கை அரசாங்கத்தின் கண்ணுக்கு 'சும்மா கிடக்கிற' வாழ்க்கையாகத்தான் தெரியும். புறம்போக்கு என்பது நிலத்துக்கு வைத்த பெயர். நம்ம நாட்டில் அதையே மனிதனைத் திட்டவும் பயன்படுத்துகிறார்கள். இது தற்செயல் இல்லை தோழர்களே. நிலத்தையும் மனுசனையும் ஒரே சொல்லால் ஊருக்கு வெளியே தள்ளி வைத்த சமூகம் இது.

தீண்டப்படாதவர்களின் குடியிருப்பைத் தெற்கே வைக்க வேண்டும் என்பது இந்துக் கிராமத்தின் சட்டம், நான்கு திசைகளில் தெற்குதான் அமங்கலமானது என்பதால் அப்படி வைத்தார்கள் என்று அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அப்போதே வரைபடம் போட்டாகிவிட்டது. சாவும் அழுக்கும் எந்தத் திசைக்குப் போக வேண்டும் என்று பல நூறு வருசத்துக்கு முன்னாலேயே முடிவு செய்தாகிவிட்டது. நகராட்சி இன்றைக்குச் செய்வது அந்தப் பழைய வரைபடத்தின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிற வேலைதான்.

எங்கள் ஊராட்சியில் இதற்காக ஒரு மே முதல் தேதி கிராம சபை கூட்டினார்கள். உழைப்பாளர் தினத்தில் உழைப்பாளியின் தலையில் குப்பை கொட்டுவதற்குத் தீர்மானம். பந்தலில் நாற்காலி போட்டு ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நம்ம சனம் வழக்கம்போல ஓரத்தில், வேப்பமரத்து நிழலில். அதிகாரி பேசினார். விஞ்ஞான முறைப்படி கிடங்கு, சுற்றுச்சுவர், வாசனை வராது, மரம் நடுவோம் என்றார். எல்லாம் கேட்டுவிட்டு எழுபது வயசு அப்பத்தா ஒருத்தி எழுந்தாள்.

"சார், எங்க ஊத்து அங்கதான இருக்கு?"

"காவிரித் தண்ணிதான் பைப்புல வருதேம்மா."

"காவிரி வாரத்துக்கு ஒரு நா வருது சார். ஊத்து தெனமும் வருது."

அதிகாரியிடம் பதில் இல்லை. பதில் நாற்காலியிலிருந்து வந்தது. "ஊரு நன்மைக்கு யாராச்சும் விட்டுக்குடுத்துத்தாம்ப்பா ஆகணும்." இந்த வாக்கியத்தை நன்றாகக் கவனியுங்கள். 'ஊரு' என்று அவர் சொன்னதில் நாம் இல்லை. 'யாராச்சும்' என்று சொன்னதில் நாம் மட்டும்தான் இருக்கிறோம். திருவிழாவுக்கு வரி வாங்காத, தேருக்கு வடம் தொடவிடாத ஊரு, குப்பைக்கு மட்டும் நம்மைப் பங்காளியாக்குகிறது.

நான் எழுந்து, "எல்லா இடத்தையும் விட்டுட்டு சேரிக்குப் பின்னாடிதான் இடம் கிடைக்குதா?" என்று கேட்டேன். உடனே பந்தலுக்குள் முணுமுணுப்பு. "குப்பையிலயுமா சாதி? எல்லாத்துலயும் சாதியக் கொண்டாராதீங்கப்பா." குப்பையில் சாதியை நான் கொண்டுவரவில்லை ஐயா. தெருவில் குப்பை அள்ளுகிறவன் எந்தச் சாதி, வண்டி தள்ளுகிறவள் எந்தச் சாதி, சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவன் எந்தச் சாதி என்று உங்களுக்குத் தெரியும். 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம் போட்டும் மலக்குழிச் சாவு நிற்கவில்லை. குப்பை உங்கள் வீட்டு வாசலில் கிளம்பும்போதே சாதியோடுதான் கிளம்புகிறது. போய்ச் சேருகிற இடத்தில் மட்டும் சாதி இருக்காது என்றால் யார் நம்புவது?

சரி, சாதியை விடுங்கள். சட்டத்தைப் பேசுவோம் என்றால் அதையும் பேசலாம். 2016-ஆம் வருசத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்கு ஆற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று அவற்றில் எழுதியிருந்தது. குளத்திலிருந்து 200 மீட்டர். நெடுஞ்சாலை, குடியிருப்பு, பூங்கா, குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து 200 மீட்டர். விமான நிலையத்திலிருந்தும் விமானப்படைத் தளத்திலிருந்தும் 20 கிலோமீட்டர். குப்பைமேட்டுக்குப் பறவைகள் வரும், பறவை மோதினால் விமானத்துக்கு ஆபத்து. அதனால் இந்தத் தூரம். மனுசனுக்கு 200 மீட்டர், விமானத்துக்கு 20 கிலோமீட்டர். நூறு மடங்கு. இந்தக் கணக்கு எழுதினவருக்குக் கை கூசவில்லை.

நம்ம உச்சிப்புளியில் 2009 முதல் கடற்படை விமானத்தளம் இருக்கிறது. அதற்குப் பெயரே பருந்து. குப்பைமேட்டைச் சுற்றுகிற நிஜப் பருந்தால் அந்தப் பருந்துக்குச் சேதம் வரக்கூடாது என்று சட்டம் கவலைப்படுகிறது. கவலைப்படட்டும், நியாயம்தான். ஆனால் அந்தப் புகையை இரவெல்லாம் சுவாசிக்கிற பிள்ளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் ஏன் கோபம் வருகிறது?

அதே விதிகளில் இன்னொன்றும் எழுதியிருந்தது. கிடங்கின் அடியில் 90 சென்டிமீட்டர் களிமண் இறுக்கிப் போட வேண்டும். அதன் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பிளாஸ்டிக் விரிப்பு. நிலத்தடி நீர் எவ்வளவு உயர்ந்தாலும் அந்தக் களிமண்ணின் அடிமட்டத்துக்கு 2 மீட்டர் கீழேதான் நிற்க வேண்டும். எதற்கு? குப்பையிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணி நிலத்துக்குள் இறங்கக்கூடாது என்பதற்காக. இப்போது நம்ம கரையை நினைத்துப் பாருங்கள். கடலோர மணலில் கையால் பறித்தால் ஊத்து வருகிறது. கீழே உப்புத் தண்ணி, அதன் மேல் மழை விட்டுப்போன நல்ல தண்ணி மெல்லிசாக மிதந்து நிற்கிறது. அதைத்தான் சிரட்டையால் மொண்டு, துணியால் வடிகட்டி, குடம் நிரப்பி நம்ம பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தார்கள். மணல் எதையும் பிடித்து வைக்காது. மேலே கொட்டினால் கீழே இறங்கும். அந்த மெல்லிசுத் தண்ணி ஒரு தடவை கெட்டால் அடுத்த தலைமுறைக்கும் திரும்பாது.

சட்டப்படி பார்த்தால் கிடங்குக்கு மேட்டு நிலம் வேண்டும். மேட்டில் யார் இருக்கிறார்கள்? மேட்டில் ஊரும் கோயிலும் இருக்கின்றன. பள்ளத்தில் சேரி இருக்கிறது. அடைமழைக்கு முழங்கால் தண்ணி நிற்கிற இடத்தில்தானே நமக்குக் குடியிருப்புக் கொடுத்தார்கள்? ஆக, சட்டம் மேட்டைக் கேட்கிறது, சாதி பள்ளத்தைக் காட்டுகிறது. ஜெயிப்பது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

கடற்கரையில் கொட்டக்கூடாது என்பதற்கும் சட்டம் உண்டு. 1991 பிப்ரவரியில் வந்த கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை, கரையோரத்தில் நகரக் குப்பை கொட்டுவதைத் தடை செய்தது. ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருந்தால் மூன்று வருசத்துக்குள் நிறுத்தச் சொன்னது. அதன்படி 1994-லேயே இந்தியக் கரை முழுக்கச் சுத்தமாகியிருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். 2022-ல் பாக் விரிகுடாவில் கடல்பசுவுக்கென்று தனிக் காப்பகம். கடல்பசு பிழைக்கட்டும், பவளப்பாறை பிழைக்கட்டும், அதில் நமக்கு விரோதமில்லை. ஆனால் அந்தச் சட்டம் யார் மேல் பாய்ந்தது? தீவுக்குப் போய் மூச்சைப் பிடித்து முங்கிப் பாசி எடுத்த பெண்களின் மேல் பாய்ந்தது. கடலைக் காப்பாற்ற அவர்களைத் தடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, டவுனிலிருந்து கடலுக்கு வருகிற பிளாஸ்டிக்கைத் தடுக்கத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம் புண்ணிய பூமி. ராமேஸ்வரத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து பாவத்தைக் கழுவ வருகிறார்கள். அக்னி தீர்த்தத்தில் முங்குகிறார்கள். உடுத்தின துணியைக் கடலிலேயே விட்டால் பாவம் போகும் என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். கோயிலுக்குள் 22 தீர்த்தம் ஆடுகிறார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் கரை கொள்ளாது. அவர்கள் பாவம் போகிறதோ இல்லையோ, துணியும் தட்டும் பாட்டிலும் இங்கேயே கிடக்கின்றன. யாரோ ஒருத்தன் புண்ணியவானாக ரயில் ஏற வேண்டும் என்றால், யாரோ ஒருத்தி அந்த ஈரத் துணியை வாரிக் கூடையில் போட வேண்டும். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் இதையெல்லாம் எவ்வளவு நாள் வைத்திருப்பது? பாலம் தாண்டிக் கொண்டுபோகலாம் என்று பேச்சு வருகிறது. 1914-ல் ரயில் பாலம் கட்டினார்கள், 1988-ல் ரோட்டுப் பாலம் திறந்தார்கள். பக்தனை உள்ளே கொண்டுவந்த பாலத்தில் பக்தனுடைய குப்பை வெளியே போக வேண்டும். பாலத்துக்கு இந்தப் பக்கம் யார் தெருவில் இறக்குவார்கள் என்பதை மட்டும் பேச மாட்டார்கள்.

சுத்தம், அசுத்தம் என்று இவர்கள் சொல்வது பொருளைப் பற்றியதே இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் அவரோடு போன மக்களும் தண்ணி அள்ளிக் குடித்தார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று சாதி இந்துக்கள் சாணியும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் 108 பானைகளில் கலந்து ஊற்றி அதைச் சுத்தம் செய்தார்கள். சாணி கலந்தால் சுத்தம், மனுசன் கை பட்டால் தீட்டு! இந்தப் புத்தியுள்ள சமூகத்துக்கு சேரியில் குப்பை கொட்டுவது அசுத்தப்படுத்துவதாகவே தெரியாது. அழுக்கு அதன் சொந்த வீட்டுக்குப் போகிறது என்றுதான் தோன்றும். நம்ம ரத்தம் கொதிக்க வேண்டியது இந்த இடத்தில்தான்.

இது நம்ம கரையோடு நிற்கிற சங்கதியும் இல்லை. சென்னைக் குப்பை பல பத்து வருசமாக எங்கே போனது? வடக்கே கொடுங்கையூர், 300 ஏக்கருக்கு மேல். தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை மூடிய பெருங்குடி, 200 ஏக்கருக்கு மேல். தலித்துகளும் உழைக்கும் மக்களும் நெருக்கி வாழ்கிற வடசென்னையில் 2025-ல் குப்பை எரிஉலையை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. பெருங்குடி மேடு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. கொச்சியின் பிரம்மபுரம் 2023 மார்ச்சில் எரிந்தது. கொழும்பில் மீதொட்டமுல்ல குப்பைமலை 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று சரிந்து குடிசைகளின் மேல் விழுந்தது. 32 பேர் செத்தார்கள். கொழும்பின் பணக்காரத் தெருக்களில் ஒரு குப்பைமலையும் சரியவில்லை. அங்கே மலை இருந்தால்தானே சரிய?

அமெரிக்காவில் கறுப்பு மக்கள் இதை எண்ணியே காட்டினார்கள். ராபர்ட் புல்லார்டு என்ற கறுப்பினப் பேராசிரியர் 1979-ல் ஹூஸ்டன் நகரத்தின் கணக்கை எடுத்தார். நகராட்சிக்குச் சொந்தமான குப்பைக் கிடங்குகள் 5. ஐந்தும் கறுப்பர் பகுதியில். எரிஉலைகள் 8. அதில் 6 கறுப்பர் பகுதியில். ஊரில் கறுப்பர்களோ நாலில் ஒரு பங்குதான். 1982-ல் வடக்குக் கரோலினா மாநிலம் விஷ எண்ணெய் கலந்த மண்ணைக் கொட்ட வாரன் கவுண்டியைத் தேர்ந்தெடுத்தது. ஏழைக் கறுப்பு மக்களின் ஊர். நிலத்தடி நீர் அங்கேயும் மேலாகத்தான் இருந்தது. மக்கள் ரோட்டில் லாரிக்கு முன்னால் படுத்தார்கள். 500 பேருக்கு மேல் கைது. கிடங்கை அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்திலிருந்துதான் 'சுற்றுச்சூழல் இனவெறி' என்ற சொல் பிறந்தது. நம்ம நாட்டில் சுற்றுச்சூழல் பேசுகிற நண்பர்கள் ஆமையைப் பேசுகிறார்கள், அலையாத்தியைப் பேசுகிறார்கள். சாதி என்ற சொல் வரும்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் உள்ள ஒவ்வொரு குப்பைக் கிடங்கையும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் எந்தச் சாதியார் எத்தனை வீடு என்று அரசு கணக்கெடுத்து வெளியிடட்டும். அதன் பிறகு 'குப்பையிலுமா சாதி' என்று கேளுங்கள்.

இனி நம்ம ஆட்களிடம் ஒரு வார்த்தை. அந்தக் கிராம சபையில் எனக்குத் தலை சுற்றியது நாற்காலிக்காரர் பேச்சால் இல்லை. நம்ம தெருப் பையன் ஒருவன், படித்தவன், எழுந்து சொன்னான்: "அப்ப அருந்ததியர் காலனிக்கு அந்தாண்ட போடுங்க சார். அவுங்களுக்குத்தான் பழக்கம்." நாற்காலியில் இருந்தவர்கள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. வரத்தானே செய்யும்? அவர்கள் சொல்ல வேண்டியதை நம்ம வாயே சொல்லிவிட்டது. அவர்கள் நமக்குச் செய்ததை நாம் நமக்குக் கீழே உள்ளவனுக்குச் செய்தால், அம்பேத்கர் படத்தை வீட்டில் மாட்டி வைத்து என்ன பிரயோசனம்? எந்த மனுசனுக்கும் நாத்தம் பழக்கமாகாது. வேறு வழி இல்லாதவன் மூக்கைப் பொத்தாமல் இருக்கிறான், அவ்வளவுதான்.

'எங்களுக்கு வேண்டாம், வேற இடம் பாருங்க' என்ற கோரிக்கை பொறி. வேற இடம் என்று ஒன்று கிடையாது. வேற இடம் என்பது வேற சேரி. அதனால் 'எங்கே கொட்டுவது' என்ற கேள்விக்கே நாம் பதில் சொல்லக்கூடாது. 'யாருடைய குப்பை' என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளாவில் சாட்சி இருக்கிறது. திருவனந்தபுரம் மாநகராட்சி 2000 முதல் தன் குப்பையை விளப்பில்சாலா என்ற கிராமத்துக்கு அனுப்பியது. பதினோரு வருசம் பொறுத்த மக்கள் 2011 டிசம்பரில் ஆலையைப் பூட்டவைத்தார்கள். கோர்ட்டு, போலீஸ் எல்லாம் வந்தும் மக்கள் வழிவிடவில்லை. கொட்ட இடமில்லை என்று ஆன பிறகுதான் அந்த நகரத்துக்குப் புத்தி வந்தது. வீட்டுக்கு வீடு மக்கும் குப்பைக்குத் தொட்டி, வார்டுக்குள்ளேயே உரக்கூடம் என்று ஆரம்பித்தார்கள். நம்ம ஊர்க் குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கிப்போகிற சாமான்தான். அதைப் பிரித்து அந்தத் தெருவிலேயே உரமாக்கினால் லாரி பாதி காலி. அங்கேயும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2024 ஜூலையில் அதே நகரத்தில் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் செத்துப்போனார். ஆனால் ஒரு விசயம் நிரூபணமானது. கொட்ட ஒரு கிராமம் கிடைக்கிற வரைக்கும் எந்த நகரமும் தன் குப்பையைப் பார்க்காது.

கடைசியாக ஆசை காட்டுவார்கள். எங்களிடமும் காட்டினார்கள். "கிடங்கு வந்தா உங்க சனத்துக்கு இருபது பேருக்கு வேலை." என்ன வேலை? குப்பை பிரிக்கிற வேலை. குப்பையையும் கொடுத்து அதை அள்ளுகிற உரிமையையும் நமக்கே கொடுக்கிறார்களாம்! அந்த வேலையின் மரியாதை என்ன என்று 2025 ஆகஸ்டில் சென்னையில் பார்த்தோமே. தனியாருக்கு விடாதே என்று மாநகராட்சி வாசலில் 13 நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை ராத்திரியோடு ராத்திரியாகப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. வேலை வேண்டும். ஆனால் சேரி மண்ணுக்கு விலையாக வேண்டாம். பிரிக்கிற வேலை நல்ல வேலை என்றால் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வரட்டும், அரசுச் சம்பளத்தோடு.

நாம் கேட்க வேண்டியது இதுதான். மக்கும் குப்பை அந்தந்த வார்டை விட்டு வெளியே வரக்கூடாது. உரக்கூடத்துக்கு இடமில்லை என்றால் பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் நகராட்சி வளாகத்திலும் கோயில் நிலத்திலும் பாருங்கள். பிளாஸ்டிக்கைச் செய்து விற்கிற கம்பெனி அதைத் திரும்ப எடுக்கட்டும். இத்தனைக்கும் பிறகு மிச்சம் ஏதாவது புதைத்தே ஆக வேண்டும் என்றால், நிலத்தடி நீரை முதலில் அளந்துவிட்டு ஜீப்பைக் கிளப்புங்கள். சேரிச் சனம் தனியாகக் கூடி, பெண்கள் கையெழுத்துப் போடாமல் சேரிப் பக்கம் எந்தத் தீர்மானமும் செல்லாது என்று எழுதுங்கள். கிராம சபை போதும் என்று சொல்லாதீர்கள். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எல்லோரும் கிராமத்தைப் புகழ்ந்து உருகியபோது, அது என்ன மாதிரி இடம் என்று அம்பேத்கர் முகத்துக்கு நேராகச் சொன்னார். பந்தலுக்குள் நாற்காலியும் வேப்பமரத்தடியில் நாமும் இருக்கிற சபையில் கை தூக்குகிற எண்ணிக்கை நியாயமாகாது.

கிடங்குத் தீர்மானம் அன்றைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ரத்தாகவில்லை. ஜீப்பு மறுபடியும் வரும். வேற அதிகாரி, வேற வரைபடம், அதே திசை. அதற்குள் அருந்ததியர் காலனியும் நம்ம தெருவும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். லாரி எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு தெருவும் சேர்ந்து அதன் முன்னால் நிற்க வேண்டும்.